ஃபுட்போர்டிலிருந்து பின்சீட்டுக்கு

குதிரை வண்டிக் காலத்தில் வண்டியைக் காப்பது நாயின் வேலையாக இருந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணக்கார வீட்டு வண்டிகளோடு டால்மேஷன் நாய்கள் ஓடிவந்தன. வெள்ளை உடம்பில் கரும்புள்ளி தெளித்த அந்த இனத்துக்குக் கோச்சு நாய் என்றே ஒரு பெயர் உண்டு. சில குதிரைக்குப் பக்கத்தில் ஓடும். நன்றாகப் பழகியவை வண்டிக்கு அடியில், அச்சுக்குக் கீழே, குளம்புகளுக்குச் சற்றே தள்ளி ஓடும். தெருநாய்கள் குதிரையை மிரட்டாமல் விரட்டுவதும், சத்திரத்தில் வண்டி அவிழ்த்து நிற்கும் இரவுகளில் பெட்டி படுக்கைக்குக் காவலிருப்பதும் அவற்றின் பொறுப்பு. அமெரிக்காவில் குதிரை இழுத்த தீயணைப்பு வண்டிகளோடு ஓடியதும் இதே நாய்தான். இன்றும் அங்குள்ள தீயணைப்பு நிலையங்களின் சின்னமாக டால்மேஷன் இருப்பது அந்தப் பழைய உத்தியோகத்தின் மிச்சம்.

இஞ்சின் வந்ததும் அந்த உத்தியோகம் போயிற்று. குதிரையோடு மணிக்கணக்கில் ஓடிய நாயால் மோட்டாரோடு ஓட முடியவில்லை. கூட வரவேண்டும் என்றால் தூக்கி உள்ளே வைத்தாக வேண்டும். எங்கே வைப்பது, எப்படி நிறுத்துவது என்ற கேள்வி அங்கே தொடங்குகிறது. அதற்கு அடுத்த நூறு ஆண்டுகளில் கிடைத்த விடைகளில் பெரும்பாலானவை நாயைப் பற்றிய கவலையில் பிறந்தவை அல்ல. சீட்டு அழுக்காகக் கூடாது, ஓட்டுகிறவர் கவனம் சிதறக் கூடாது, பின்னாலிருந்து பறந்து வரும் நாய் மனிதர் தலையில் மோதக் கூடாது என்ற கவலைகள்தான் முதலில் வந்தன. நாய்க்கு அடிபடுமே என்பது கடைசியாக வந்தது.

காரில் நெடுந்தூரம் போன நாய்களில் முதலில் பெயர் பெற்றது பட் என்னும் புல்டாக். வெர்மான்ட் மாநிலத்து மருத்துவர் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன், அமெரிக்கக் கண்டத்தைக் காரில் கடக்க முடியும் என்று 50 டாலர் பந்தயம் கட்டி, 1903 மே 23 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். உடன் சூவல் கிராக்கர் என்ற மெக்கானிக். வண்டி 20 குதிரைத் திறன் கொண்ட வின்டன் கார். கூரை கிடையாது, முன் கண்ணாடி கிடையாது. எவ்வளவு விரட்டினாலும் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஐடஹோ மாநிலத்தின் கால்டுவெல் என்ற ஊரருகே ஜாக்சன் 15 டாலர் கொடுத்து பட்டை வாங்கினார். பாலைநிலத்தின் காரத்தூசி நாயின் கண்களில் ஏறி எரிச்சல் கொடுத்ததால், மனிதர்கள் போட்டுக்கொண்டது போலவே அதற்கும் ஒரு மோட்டார் கண்ணாடி மாட்டினார்கள். ஜூலை 26 அன்று மூவரும் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது 63 நாள் ஆகியிருந்தது. பந்தயத்தில் 50 டாலரை வெல்ல ஜாக்சன் செலவழித்தது சுமார் 8,000 டாலர்.

கண்ணாடி போட்ட நாயின் படம் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தக் காரும் நாயின் கண்ணாடியும் இன்றும் இருக்கின்றன. வேடிக்கையாகத் தெரிந்தாலும், காரில் போகும் நாய்க்காகவே யோசித்து மாட்டிய பாதுகாப்புப் பொருள் அது. நாயைப் பிடித்து நிறுத்த வேறு ஏற்பாடு ஏதும் இருக்கவில்லை. முன்னால் குழி வருவதைப் பார்த்து பட் தானே காலை ஊன்றி உடம்பை இறுக்கிக்கொள்ளப் பழகிவிட்டது என்பார்கள். மனிதர்களும் அன்று அப்படித்தான் போனார்கள். பிடித்துக்கொள்ளக் கை இருந்தது ஒன்றே வித்தியாசம்.

கார்கள் திறந்தவெளியாக இருந்தவரை நாய் எங்கே உட்கார்ந்தாலும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தூசியும் மழையும் எல்லாருக்கும் பொது. 1920-களில் நிலைமை மாறியது. 1919-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் கூரையும் கண்ணாடி ஜன்னலும் கொண்ட மூடிய கார். 1927-இல் பத்தில் எட்டுக்கு மேல். காருக்குள் மெத்தை விரித்த சீட்டு வந்தது, துணி உறை வந்தது, வரவேற்பறையின் சுத்தம் வந்தது. வேட்டைக்குப் போய் சேற்றில் புரண்டு வந்த நாய்க்கு அங்கே இடமில்லை. இடம் வெளியே தேடப்பட்டது.

அன்றைய கார்களின் இருபுறமும் கதவுக்குக் கீழே நீளமாக ஒரு ஃபுட்போர்டு ஓடும். ஏறி இறங்க வைத்த அந்தப் பலகையில் ஆட்கள் நிற்பார்கள், பெட்டி கட்டுவார்கள். 1930-களில் சாதனங்கள் பற்றிய அமெரிக்கப் பத்திரிகைகளில் அந்த இடத்துக்கென்றே ஒரு நாய்ப்பை அறிமுகமானது. கெட்டியான கான்வாஸ் துணிப் பை. அடிப்பக்கம் ஃபுட்போர்டின் விளிம்பில் கவ்விக்கொள்ளும். மேல்பக்கம் கொக்கிகளால் கதவின் ஜன்னல் விளிம்பில் தொங்கும். நாயை உள்ளே விட்டு இழுத்து மூடினால் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கார் புறப்படும். துணியால் ஆன அந்தப் பைக்கும் எதிரே வரும் லாரிக்கும் இடையில் எதுவும் கிடையாது. சேறும் கல்லும் முகத்தில் தெறிக்கும்; குறுகலான பாலத்தில் ஓட்டுகிறவர் ஒரு சாண் ஒதுங்கினால் நாயின் கதி அவ்வளவுதான். ஆனால் விற்கும்போது சொன்ன வார்த்தைகள் பாதுகாப்பு, வசதி என்பவைதான். உள்ளே சீட்டு சுத்தமாக இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கியது. பறவை வேட்டைக்காரர்களுக்கு இதே பலகையில் பொருத்தும் தகரப் பெட்டிகளும் கடைக்கு வந்தன. பை, பெட்டி இரண்டிலும் நாய்க்கு இருந்த ஒரே ஆதாயம், கீழே விழாமல் போகலாம் என்பது.

இந்தக் கண்டுபிடிப்புகளுக்கு முடிவு கட்டியது நாய் மீதான இரக்கம் அல்ல, காரின் உருவமைப்பு. 1930-களின் கடைசியிலிருந்து கார்களின் உடல் அகலமாகி, சக்கர மூடிகளும் கதவுகளும் ஒரே பரப்பாக இணைந்தன; ஃபுட்போர்டு மறைந்தது. மாட்ட இடமில்லாமல் போனதும் பையும் போனது, நாய் உள்ளே வந்தது.

போருக்குப் பின் வந்த இருபது முப்பது ஆண்டுகளை மேலைநாட்டுக் கார் நாய்களின் சுதந்திர காலம் எனலாம். பின்னால் நீளமாகத் திறந்த இடம் கொண்ட ஸ்டேஷன் வேகன் வீட்டுக் காராகியது. குழந்தைகளும் நாயும் பின்னால் கட்டின்றி உருண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காது காற்றில் பறக்க வரும் நாய் விளம்பரங்களில் குடும்ப மகிழ்ச்சியின் அடையாளம் ஆனது. நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் சார்லி என்ற பூடுல் நாயோடு ஒரு லாரி வீட்டில் அமெரிக்காவைச் சுற்றி வந்து, 1962-இல் அதைப் புத்தகமாக்கினார். காரில் நாயோடு போவது இலக்கியத்திலும் ஏறிவிட்டது. சார்லியை எதில் கட்டி வைத்தார் என்று கேட்கும் வழக்கம் அன்று இல்லை.

ஏனென்றால் மனிதரையே அப்போதுதான் கட்டத் தொடங்கியிருந்தார்கள். வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை சீட் பெல்ட் 1959-இல் காருக்கு வந்தது. அமெரிக்காவில் புதிய கார்களில் சீட் பெல்ட் இருந்தே தீர வேண்டும் என்ற விதி 1968-இல் நடைமுறைக்கு வந்தது; அதை மாட்டியே தீர வேண்டும் என்று அங்கே முதலில் சட்டம் போட்ட மாநிலம் நியூயார்க், 1984-இல். பிரிட்டனில் முன்சீட்டுக்காரர்களுக்கு 1983 ஜனவரி 31 முதல் கட்டாயம். பெல்ட்டுக்காக விபத்துகளை அளந்து பார்த்தபோது ஒரு கணக்கு துலங்கியது. மோதலில் கார் நின்றுவிடும். உள்ளே கட்டப்படாதது எதுவும் நிற்காது.

நாய்க்கும் அதே கணக்குதான். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நகரச் சாலையில் சாதாரண வேகம். நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகமும் அதுவே. கார் சுவரில் மோதினால் அதன் முன்பகுதி அரை மீட்டர் அளவு நசுங்கி, அந்த அரை மீட்டரில் வேகத்தைக் கரைக்கிறது. பெல்ட் போட்டவர் அந்த நசுங்கலில் பங்கு பெறுகிறார். பின்சீட்டில் கட்டின்றி நிற்கும் 30 கிலோ லாப்ரடாருக்கு அந்தப் பங்கு கிடைப்பதில்லை. கார் நின்ற பிறகும் அது நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் முன்னால் வந்து, சீட்டின் முதுகிலோ ஓட்டுகிறவரின் தலையிலோ முன் கண்ணாடியிலோ ஒரு சில சென்டிமீட்டருக்குள் நிற்கிறது. அமெரிக்க மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. இதையே வேறு விதமாகக் கணக்கிட்டுச் சொன்னது: 80 பவுண்டு, அதாவது 36 கிலோ நாய், மணிக்கு 30 மைல் வேக மோதலில் 2,400 பவுண்டு, ஏறத்தாழ 1,100 கிலோ விசையோடு மோதும்.

இந்தக் கணக்கைப் படித்த முதல் ஆட்கள் தங்கள் தலையைத்தான் நினைத்தார்கள். ஐரோப்பாவில் ஸ்டேஷன் வேகன்களின் பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே கம்பித் தடுப்பு வைக்கும் பழக்கம் பரவியது. கூரைக்கும் தரைக்கும் இடையே முட்டுக் கொடுத்து நிற்கும் குழாய்ச் சட்டங்கள், இழுத்துக் கட்டும் வலைகள் எனப் பல வகை. ஓட்டுகிறவர் மடிக்கு நாய் தாவி வராது. மோதினால் மனிதர் மீது விழாது. நாய் கம்பியில் மோதும் என்பது வேறு விஷயம்.

1983-இல் நடந்த ஒரு பயணம், அன்றைய பொது எண்ணம் எப்படி இருந்தது என்பதற்கு எதிர்பாராத ஆவணமாகிவிட்டது. பின்னாளில் மாசசூசெட்ஸ் ஆளுநரான மிட் ராம்னி, பாஸ்டனிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஏரிக்கரை வீட்டுக்குக் குடும்பத்தோடு 12 மணி நேரம் காரில் போனார். ஐந்து மகன்களும் மூட்டை முடிச்சும் ஸ்டேஷன் வேகனை நிறைத்துவிட்டதால், சீமஸ் என்ற ஐரிஷ் செட்டர் நாயைக் கூண்டில் அடைத்துக் கூரைமேல் கட்டினார். காற்று முகத்தில் அடிக்காமலிருக்கக் கூண்டுக்கு முன் ஒரு மறைப்பும் அவரே செய்து வைத்திருந்தார். வழியில் பின் கண்ணாடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ வழிவதைப் பெரிய மகன் பார்த்தான். நாய்க்கு வயிற்றுப்போக்கு. ராம்னி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, குழாய் வாங்கி நாயையும் காரையும் கழுவி, நாயைத் திரும்பக் கூண்டில் ஏற்றிப் பயணத்தைத் தொடர்ந்தார். 2007-இல் ஒரு பாஸ்டன் நாளிதழ் இந்தச் சம்பவத்தை வெளியிட்டது, பதற்றப்படாமல் சிக்கலைச் சமாளிக்கும் அவர் குணத்துக்கு எடுத்துக்காட்டாக. வாசகர்கள் வேறு மாதிரி படித்தார்கள். 2012 அதிபர் தேர்தலில் அவருக்கு எதிராக நாய்ப்பிரியர்கள் திரண்டார்கள். நாய்க்கு அங்கே ஏறுவது பிடிக்கும் என்ற விளக்கம் எடுபடவில்லை. 1983-இல் குடும்பக் கதையாகச் சொல்லிச் சிரித்த ஒன்று முப்பதாண்டுக்குள் கொடுமையாகிவிட்டது.

அந்த முப்பதாண்டில் கார் மாறியதும் ஒரு காரணம். மனிதருக்கு நன்மையாக வந்த சில வசதிகள் நாய்க்கு வினையாயின. முன்சீட்டில் வளர்ந்தவர் உட்கார்ந்திருப்பார் என்று கணித்து வெடித்து விரியும் ஏர்பேக், 1990-களின் இறுதியில் அமெரிக்கப் புதிய கார்களில் இருபக்கமும் கட்டாயமானது. அந்த இடத்தில் நாய் இருந்தால், அல்லது ஓட்டுகிறவர் மடியில் ஸ்டியரிங்கை ஒட்டி இருந்தால், அது நேராக நாயின் முகத்தில் விரியும். பவர் ஜன்னல் இன்னும் தந்திரமானது. பழைய வகை சுவிட்சுகளில் அழுத்தினால் கண்ணாடி மேலேறும். கதவின் கைப்பிடி மேல் முன்காலை ஊன்றித் தலையை வெளியே நீட்டும் நாய், தன் பாதத்தாலேயே தன் கழுத்தை நெரித்துக்கொள்ள முடியும். சுவிட்சை மேல்நோக்கி இழுத்தால்தான் கண்ணாடி ஏறும் என்று பிற்பாடு அமெரிக்க விதி மாறியது. குழந்தைகளை எண்ணிச் செய்த மாற்றம். பலன் நாய்க்கும் கிடைத்தது.

நாய்க்கென்று மார்புப்பட்டை, அதைச் சீட் பெல்ட் கொக்கியில் மாட்டும் வார் ஆகியவை கடைகளில் பெருகியது இந்தக் காலத்தில்தான். கழுத்துப்பட்டையில் வாரை மாட்டினால் திடீர் பிரேக்கின் விசை முழுவதும் கழுத்தெலும்பில் இறங்கும். அகலமான மார்புப்பட்டை அதை நெஞ்செலும்பின் மேல் பரப்பும் என்பது தத்துவம். தத்துவம் சரி. பொருள் சரியா என்று சோதிக்க ஆளில்லை. குழந்தை இருக்கைக்கு அமெரிக்க அரசு விதித்த மோதல் சோதனை உண்டு; நாய்ப்பட்டைக்கு அப்படி ஒன்று கிடையாது. பரிசோதிக்கப்பட்டது என்று அட்டையில் அச்சடிக்க எந்தத் தடையும் இல்லை.

2004-இல் வர்ஜீனியாவில் லிண்ட்சே வோல்கோ என்பவர் திடீரென்று பிரேக் போட்டதில், பட்டை மாட்டியிருந்த அவருடைய காக்கர் ஸ்பானியல் நாய்க்கே அடிபட்டது. அதன் தொடர்ச்சியாக 2011-இல் அவர் செல்லப்பிராணிப் பாதுகாப்பு மையம் ஒன்றைத் தொடங்கினார். குழந்தை இருக்கைச் சோதனையையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு, 11, 20, 34 கிலோ எடையில் நாய் பொம்மைகள் செய்து, தண்டவாளத்தில் ஓடும் பலகையில் சீட்டைப் பொருத்தி, மணிக்கு 30 மைல் வேகத்தில் மோதவிட்டார்கள். முதலில் சோதித்த பட்டைகள் எல்லாம் தோற்றன. மெதுவாக ஓட்டிப் பார்க்கும் படத்தில் தோல்வியின் வகைகள் தெளிவாகத் தெரியும். ஒன்றில் தையல் பிரிகிறது. இன்னொன்றில் பிளாஸ்டிக் கொக்கி நொறுங்குகிறது. வேறொன்றில் எதுவும் அறுவதில்லை. ஆனால் வார் நீளமாக இருப்பதால் பொம்மை சீட்டை விட்டுப் பறந்து, முன்சீட்டின் முதுகில் முகம் மோதி, பிறகே இழுபட்டு நிற்கிறது. நாய் வசதியாகத் திரும்பிப் படுக்கட்டும் என்று நீளம் விட்டிருந்தார்கள். 2013-இல் சுபாரு நிறுவனத்தின் பண உதவியோடு பெரிய அளவில் சோதனை நடந்தபோது, முழுமையாகத் தேறியது ஒரே ஒரு பட்டை.

2011-இல் ஏ.ஏ.ஏ. சங்கமும் நாய்ப்பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனமும் சேர்ந்து நடத்திய கருத்துக்கணிப்பில், நாயோடு கார் ஓட்டுகிறவர்களில் 65 சதவீதம் பேர் வழியில் அதைத் தடவுவது, தீனி கொடுப்பது போன்ற கவனம் சிதறும் காரியம் ஒன்றையாவது செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். ஏதாவது ஒரு கட்டு போடுகிறவர்கள் 16 சதவீதம். பட்டை விற்கிறவர் பங்கெடுத்த கணிப்பு என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் சாலையில் பார்ப்பதோடு அது முரண்படவும் இல்லை.

பட்டையைவிட டிக்கியில் வைக்கும் கூண்டே நல்லது என்று ஒரு கட்சி வலுப்பெற்றது, குறிப்பாக ஸ்வீடனில். ஆனால் டிக்கி என்பது பின்னாலிருந்து மோதினால் நசுங்குவதற்கென்றே விட்ட இடம். அங்கே அசையாத இரும்புக் கூண்டை வைத்தால் ஒன்று அது நாயோடு நசுங்கும், அல்லது நசுங்காமல் பின்சீட்டில் இருக்கும் குழந்தையின் முதுகில் ஏறும். இதற்காக ஒன்றுக்குள் ஒன்று சொருகிச் சுருங்கும் சட்டம் கொண்ட கூண்டுகள் செய்தார்கள். டிக்கிக் கதவு மாட்டிக்கொண்டால் நாயை வெளியே எடுக்கப் பின்சீட்டுப் பக்கம் இன்னொரு வாசலும் வைத்தார்கள். விபத்துக்குப் பின் மிரண்ட நாய் நெடுஞ்சாலையில் ஓடுவதும், மயங்கிக் கிடக்கும் எஜமானரை நெருங்கவிடாமல் மீட்பவர்களைக் கடிக்க வருவதும் உண்டு என்பதால் கூண்டு அவர்களுக்கும் உதவுகிறது. சிறிய நாயென்றால் கூடையோடு முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் இறுக வைப்பது இன்றும் மலிவான, நல்ல வழி.

சட்டங்கள் இந்த உயிரை எந்தப் பெட்டியில் போடுவது என்று நாட்டுக்கு நாடு தடுமாறுகின்றன. ஜெர்மன் குடிமைச் சட்டம் 1990-இல் விலங்குகள் பொருட்கள் அல்ல என்று எழுதியது. சாலை விதியிலோ நாய் சரக்கு வகையில்தான் வருகிறது. பிரேக் போட்டால் நகராதபடி மூட்டையைக் கட்டுவது போல நாயையும் நிறுத்த வேண்டும். இத்தாலியில் காரில் ஒரு நாய் சும்மா வரலாம், ஓட்டுவதற்கு இடைஞ்சல் இல்லாதவரை. ஒன்றுக்கு மேல் என்றால் கூண்டோ வலைத் தடுப்போ வேண்டும். பிரிட்டனின் நெடுஞ்சாலைக் கையேட்டில் 57-ஆம் விதி பட்டை, கூடை, கூண்டு, தடுப்பு என்று வழிகளைச் சொல்கிறது. மீறுவது தனிக் குற்றமில்லை, விபத்து நடந்தால் கவனக்குறைவுக்குச் சான்றாகும். ஹவாயில் நாயை மடியில் வைத்து ஓட்டக் கூடாது. கலிஃபோர்னியாவில் திறந்த லாரியின் பின்தட்டில் கட்டாமல் ஏற்றக் கூடாது. பண்ணை வேலைக்கு விலக்கு உண்டு. இந்தியாவில் கார் நாய்க்கெனத் தனி விதி இல்லாமல், வலி உண்டாகும்படி விலங்கை ஏற்றிச் செல்வதைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டமும், ஓட்டுநருக்கு இடைஞ்சலாக எதையும் வைக்கக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-ஆம் பிரிவும் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

மூடிய கார் கொண்டுவந்த இன்னொரு அபாயம் ஓடாத காரில் இருக்கிறது. 2005-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி, வெளியே 22 டிகிரி என்ற இதமான நாளில்கூட வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் ஏறத்தாழ 22 டிகிரி கூடுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியில் ஏறிவிடும். ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்து நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. சூடேறி ஈரம் நிறைந்த காற்றில் அதுவும் பலிக்காது. கண்ணாடியை உடைத்து நாயைக் காப்பாற்றுகிறவர் மீது வழக்கு வராதபடி அமெரிக்க மாநிலங்கள் சட்டம் செய்யத் தொடங்கின; ஃபுளோரிடா 2016-இல் செய்தது.

அந்தச் சட்டங்கள் மறுபக்கம் ஒரு சிக்கலை உண்டாக்கின. உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரக் காரில் நாய் நிம்மதியாகத் தூங்கினாலும் வெளியே நிற்பவருக்கு அது தெரியாது. 2019 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் தன் கார்களுக்கு நாய்ப் பயன்முறை ஒன்றைக் கொடுத்தது. அதைப் போட்டுவிட்டு இறங்கினால் ஏ.சி. அணையாது. நடுவிலுள்ள பெரிய திரையில், என் எஜமானர் சீக்கிரம் வந்துவிடுவார், கவலை வேண்டாம் என்ற பொருளில் நாய் பேசுவது போன்ற வாசகமும், உள்ளே அப்போது எத்தனை டிகிரி என்பதும் பெரிய எழுத்தில் தெரியும். வழிப்போக்கர் கல்லை எடுப்பதற்கு முன் படிக்க வேண்டிய அறிவிப்பு அது. பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எஜமானரின் செல்பேசிக்கு எச்சரிக்கை போகும்.